இன்றைக்குத் தூரம்

காலை ஆறே காலுக்குத் தும்பிமலை யானைகள் பேசும் என்று பசுந்தடம் விடுதியின் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. விருந்தினர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேட்டுப்பாறையில் வரிசையாக உட்கார்ந்து, காதில் செவிமலரைச் செருகிக்கொண்டார்கள். ஆறு இருபதுக்குப் பேச்சு தொடங்கியது.

"பெரியம்மா, நில்லு," என்றது செவிமலர். "தண்ணி இருக்கு. புள்ளையப் பாத்துக்க." பிறகு, "தூரம்."

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தின நாள் வரை யானை தமிழ் பேசும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

யானைகள் அடித்தொண்டையில் பேசுகின்றன. அந்த அதிர்வு மண் வழியாகக் கிலோமீட்டர் கணக்கில் போகும். மனிதக் காதுக்கு மட்டும் எட்டாது. அதற்கு அடிநாதம் என்று பெயர் வைத்து, அதைப் பிடிப்பதற்காக மரங்களின் வேரடியில் முந்நூறு வேர்ச்செவிகளைப் புதைத்தவன் இளம்பரிதி. கோயம்புத்தூர்க்காரன். முப்பத்திரண்டு வயது. கல்யாணப் பேச்சை வீட்டில் எடுத்தாலே காட்டுக்குள் ஓடிவிடுவான். பத்து வருடமாக வேர்ச்செவிகள் யானையின் அதிர்வையும், பக்கத்தில் மனிதர்கள் பேசிய பேச்சையும் சேர்த்தே பதிவு செய்தன. எந்த அதிர்வு வந்தபோது மனிதர்கள் என்ன சொன்னார்கள் என்று லட்சக்கணக்கான தடவை ஒப்பிட்டு, இருநூற்றுப் பதினான்கு சொற்களைக் கற்றுக்கொண்டது அடிநாதவி என்ற அவனுடைய மொழிபெயர்ப்புக் கருவி.

அந்தக் காட்டில் வாய்விட்டுப் பேசும் மனிதர்கள் யார் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. விடுதியை ஒட்டிய மலைவாசிக் குடியிருப்புக்குப் பதி என்று பெயர்; பதியின் ஆண்கள் வழிகாட்டிகள். மார்பில் விடுதியின் அடையாள வில்லை குத்திக்கொண்டு, மேட்டுப்பாதையில், சத்தம் போடக்கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள். கிழங்குப்பள்ளத்தில் இறங்கிச் சத்தமாகப் பேசுகிறவர்கள், கவலைக்கிழங்கு தோண்டப் போகும் பெண்கள்தான். ஆகவே தும்பிமலை யானைகள் தும்பிமலைப் பெண்களின் பேச்சைப் பேசின. தரவு யாருடையதானால் என்ன, தரவு தரவுதான் என்பது இளம்பரிதியின் கட்சி.

இருநூற்றுப் பதினான்கு சொற்களில் யானைகள் மிக அதிகமாகச் சொன்னது 'தூரம்'. ஐந்து பேச்சுக்கு ஒரு தடவை அது வந்தது. இளம்பரிதி பூரித்துப்போனான். யானைகள் ஒன்றுக்கொன்று தாங்கள் இருக்கும் தொலைவை அறிவித்துக்கொள்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதி, அதற்கு ஒரு பரிசும் வாங்கிவிட்டான். அதன் பிறகு கருவியில் ஒரு விளக்கு பொருத்தினான். 'தூரம்' என்று வந்தால் யானைக்கூட்டம் எட்டத்தில் இருக்கிறது என்று பொருள். பச்சை எரியும்.

வழிகாட்டிகளின் தலைவன் மருதனிடம் கேட்டிருந்தால் அவன் வேறு மாதிரி சொல்லியிருப்பான். முதல் தடவை செவிமலரில் 'தூரம்' என்று ஒரு பெண்குரல் சொன்னதும் அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. பதியில் ஒரு பெண் 'தூரம்' என்றால், மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு விலக்கு என்று அர்த்தம். அதற்கு மேல் ஓர் ஆண் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். கேட்டால் அவன் வளர்ந்த விதம் சரியில்லை என்பார்கள். கூட்டத்துத் தலைவி பெரியம்மாவும் பொம்பளைதானே, அவளுக்கும் உண்டு போலிருக்கிறது என்று மருதன் நினைத்துக்கொண்டான். மற்ற வழிகாட்டிகளும் அப்படியே நினைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டார்களே தவிர, இளம்பரிதியிடம் மூச்சு விடவில்லை.

பெண்களுக்கு யாரும் செவிமலர் கொடுக்கவில்லை. அவர்கள் விடுதியின் அடுப்படியில் கிழங்கு வேகவைத்தார்கள்; மாலை ஐந்து மணிக்கு விருந்தினர்கள் முன்னால் வட்டமாக ஆடினார்கள். இரண்டு வேலைக்கும் யானை பேசுவதைக் கேட்கத் தேவையில்லை என்று விடுதி முடிவு செய்திருந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை 'பள்ளத்து நடை' தொடங்கியது. அதுவரை மேட்டிலிருந்து பார்த்ததோடு சரி. இனிமேல் பச்சை விளக்கு எரியும் நாட்களில் விருந்தினர்கள் கிழங்குப்பள்ளத்துக்குள்ளேயே இறங்கி, யானை இல்லாத நேரத்தில் யானையின் இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். ஏழு மணிக்குப் பச்சை எரிந்தது. மருதன் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு இறங்கினான்.

கால்மணி நேரம் கழித்து ரங்கி மேட்டுப்பாறைக்கு வந்தாள். மருதனின் மனைவி, நாற்பது வயது, அடுப்படிக்குப் பொறுப்பு. நடை முடிந்து வருகிறவர்களுக்கு வேகவைத்த கிழங்கும் தேனும் கொண்டு வந்திருந்தாள். இளம்பரிதி நல்ல சந்தோஷத்தில் இருந்தான். "அக்கா, நீங்க இதைக் கேட்டதே இல்லையில்ல?" என்று சொல்லி, செவிமலருக்குப் போகும் குரலை ஒலிபெருக்கிக்குத் திருப்பினான்.

"தூரம்," என்றது பெட்டி. "தூரம். தூரம். இன்னிக்கு தூரம்."

ரங்கியின் கையிலிருந்த தூக்கு பாறையில் இடித்தது. "இது யாரு சொல்றது?"

"பெரியம்மா. கூட்டத்துத் தலைவி. நாங்க ரொம்பத் தள்ளி இருக்கோம், நீங்க தாராளமா வரலாம்னு சொல்லுது. இருபது நிமிஷமா இதையேதான் சொல்லிட்டிருக்கு, பாருங்க."

"தம்பி, அவங்களத் திருப்பிக் கூப்புடு."

"ஏங்க்கா?"

"அது தொலைவு இல்ல. உள்ள வராதேன்னு சொல்றா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரங்கிக்குத் தெரியும். அவளோடு சேர்த்துக் கிழங்குக்குப் போகும் பெண்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். பள்ளத்தில் இறங்குவதற்கு முன்னால் விளிம்பிலேயே கிழங்குக்கோலை மண்ணில் ஆழக் குத்தி, அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கோல் சும்மா இருந்தால் இறங்கலாம். நீளமாக மூன்று நடுக்கம் வந்தால் பெரியம்மா உள்ளே இருக்கிறாள், இது அவளுடைய முறை, வரவேண்டாம் என்கிறாள் என்று பொருள். யாராவது ஒருத்தி "இன்னிக்கு தூரம்" என்பாள். எல்லோரும் வெறுங்கூடையோடு திரும்புவார்கள். இந்தப் பதியில் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்; யானையைத்தான் யானை என்று சொல்லக்கூடாது.

வீட்டில் வெறுங்கூடையைப் பார்த்து ஆண்கள் ஏனென்று கேட்டால், அங்கேயும் அதே சொல்தான். தூரம். ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எட்டுப் பெண்களுக்கும் ஒரே நாளில் எப்படித் தூரம் வரும் என்று இத்தனை வருடத்தில் ஒருவனாவது கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. விடுதி மேலாளர் கூட எட்டுப் பேருக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அந்த நாட்களில் அவர்களுக்கு அடுப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை.

இதை மறைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்களிடம் சொன்னது விருந்தினர்களிடம் போய்ச் சேரும். யானைகள் தின்ன வரும் உப்புமண் இருக்கும் இடத்தை ஒருத்தி வாய்தவறிச் சொன்னாள். அடுத்த மாதம் அங்கே காட்சிக்கோபுரம் நின்றது. பெண்கள் குளிக்கும் மடுவை இன்னொருத்தி சொன்னாள். இப்போது அங்கே நீச்சல் உடையோடு வரிசை நிற்கிறது. ஆண்கள் கெட்டவர்கள் இல்லை. நல்ல வழிகாட்டி என்றால் தெரிந்ததை எல்லாம் காட்டிவிடுவான், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது கிழங்குப்பள்ளம் ஒன்று. அதைப் பெண்கள் ஒரே ஒரு சொல்லால் மூடி வைத்திருந்தார்கள்.

இப்போது அந்தச் சொல்லை அவிழ்த்தால் பள்ளம் போய்விடும். அவிழ்க்காவிட்டால் மருதன் போய்விடுவான். முடிவெடுக்க ரங்கிக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அவங்க காதுல நீ பேச முடியுமா?"

"முடியாதுக்கா. செவிமலர்ல யானை குரல் மட்டும்தான் வரும். நடுவுல மனுசக் குரலே கூடாதுன்னு விளம்பரமே போட்டிருக்கோம். வாக்கிடாக்கியும் பள்ளத்துல எடுக்காது."

"இந்தப் பெட்டி அவகிட்டப் பேசுமா?"

"தோள்பெட்டி ஒண்ணு இருக்கு. பழைய மாதிரி. அதுல திருப்பிப் பேச வைக்கலாம். ஆனா அதுக்கு அனுமதி…"

"எடுத்துட்டு வா."

அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கோலை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் ஓடினாள். தோள்பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் ஓடினான். கல்லில் இரண்டு தடவை விழுந்தான். பெட்டியை மட்டும் விழ விடவில்லை.

மருதன் அப்போது பள்ளத்தின் நடுவில் இருந்தான். செவிமலரில் பெரியம்மா ஓயாமல் 'தூரம், தூரம்' என்றுகொண்டிருந்தாள். அதைக் கேட்கக் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பொம்பளையின் அந்தரங்கத்தை ஒன்பது பேர் காதில் போட்டுக்கொண்டு நிற்கிறார்களே, சீக்கிரம் கடந்துவிடுவோம் என்று அவன் நடையை எட்டிப் போட்டான். அது நேராக அவளிடமே கொண்டுபோய் விட்டது.

ரங்கி விளிம்பிலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒரே பார்வைக்குள் இருந்தது. மூங்கில் ஓரத்தில் ஏழு யானைகள் வட்டமாக நின்றன. நடுவில், இன்னும் ஈரம் காயாத ஒரு குட்டி எழுந்திருக்கப் பார்த்துத் தன் முன்காலிலேயே தடுக்கி விழுந்தது. வட்டத்துக்கு வெளியே பெரியம்மா காதுகளை அகல விரித்து நின்றாள். அவளுக்கும் மருதனுக்கும் நடுவே நாற்பதடி இருந்தால் அதிகம். பல் மருத்துவர் மெதுவாகத் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் அசையவில்லை.

ரங்கி இறங்கினாள். ஓடவில்லை. மருதனைத் தாண்டி இரண்டு அடி முன்னால் போய், கோலை மண்ணில் குத்தி, கையை வைத்தாள். கோலின் நடுக்கம் அவள் முழங்கை வரை ஏறியது.

"மருதா, எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லு. முதுகக் காட்டி மெதுவா நடக்கச் சொல்லு."

"ரங்கி, நீ எதுக்கு இங்க…"

"பொறவு பேசலாம்." அவள் திரும்பாமலேயே இளம்பரிதியிடம் சொன்னாள்: "தம்பி, நாங்க கெளம்புறப்ப ஒண்ணு சொல்லுவோம். 'சரி பெரியம்மா, திரும்பிட்டோம்'னு. அது உன்ற பெட்டியில இருக்கா?"

இளம்பரிதி பெட்டியின் பட்டியலைத் தள்ளிப் பார்த்தான். "இருக்கு. நூத்தி அறுபத்தி ரெண்டாவது."

"அத அனுப்பு."

பெட்டியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அடியில் கிடந்த சருகுகள் மட்டும் துடித்தன. கோலின் வழியாக ரங்கிக்கு அது தெரிந்தது: இத்தனை வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் தடவையாக அவள் அந்த மண்ணின் மொழியிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பயத்தோடு பெருமையும் இருந்தது.

பெரியம்மாவின் காதுகள் ஒரு தரம் அடித்து, மெல்ல மடங்கின. பிறகு கோல் நடுங்கியது. இந்தத் தடவை மென்மையாக, நீளமாக. தோள்பெட்டி அதை மொழிபெயர்த்தது. விடுதியின் பெரிய கருவியில், மனிதர்களின் வெட்டிப்பேச்சு என்று தோன்றுவதை எல்லாம் நீக்கிவிடும் வடிகட்டி ஒன்று உண்டு. பழைய பெட்டியில் அது கிடையாது. கேட்டதை அப்படியே பள்ளம் முழுக்க உரக்கச் சொன்னது.

"தூரம்னு சொல்லிப்போடு. ஆம்பளைங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பெரியம்மா திரும்பி வட்டத்துக்குள் போய்விட்டாள். பதியின் பெண்கள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த விளிம்பில் நின்று, சிரித்துக்கொண்டே, தங்களுக்குள் சொல்லிக்கொண்ட வாக்கியம் அது. வேர்ச்செவி அதையும் கேட்டு, அதே நேரத்தில் வந்த அதிர்வோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.

எல்லோரும் மேடேறினார்கள். விருந்தினர்கள் கிழங்கும் தேனும் சாப்பிடப் போன பிறகு மருதன் கேட்டான்.

"எத்தன வருசமா?"

"எண்ணல."

"எல்லாம் பொய்யா?"

"பாதி நெசமாவே மாசத் தூரம். பாதி பெரியம்மா சொன்னது." ரங்கிக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை. "அவ ஒண்ணும் சொல்லாத நாளும் உண்டு. அன்னிக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம். பாறையில படுத்துக் கெடப்போம். எங்கள்ல மாதிதான் கதை சொல்லுவா."

அடி வாங்கியவன் மாதிரி அவன் முகம் சுருங்கியது. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே ரங்கி."

"நீ கேட்டிருக்கலாமே."

"தூரம்னு சொன்ன பொறவு எப்படிக் கேக்கிறது?" என்றான் மருதன். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

பள்ளம் போய்விடும் என்று ரங்கி பயந்தாளே, அது நடக்கவில்லை. பச்சை விளக்கைச் சிவப்பாக்குவது இளம்பரிதிக்கு அரைமணி நேர வேலை. பரிசு வாங்கிய கட்டுரையைத் திரும்பப் பெறுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் திரும்பப் பெற்றான். இனி கோலில் கைவைத்துப் பழகியவர்கள் சொன்னால் மட்டுமே பள்ளத்தில் ஆள் இறங்கலாம் என்று விதி வந்தது. கோலில் கைவைத்துப் பழகியவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் வில்லை குத்தினார்கள். கிழங்குக்கோலுக்கு 'அதிர்கோல்' என்று விடுதி பெயர் மாற்றியது. பெண்கள் அதைக் கோல் என்றே சொன்னார்கள். அடுப்படி மருதன் பொறுப்புக்கு வந்தது. மாலை ஐந்து மணி ஆட்டத்தை ஆண்கள் ஆடினார்கள். முதல் வாரம் மூன்று பேருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. கவலைக்கிழங்கு முற்றும் மாசி மாதத்தில், பதிப் பெண்கள் தோண்டுவதற்காக ஒரு வாரம் பள்ளத்தில் சுற்றுலா கிடையாது என்றும் ரங்கி எழுதி வாங்கிக்கொண்டாள்.

மார்கழியில் ஒன்பது நாள் சிவப்பு எரிந்தது. தை மாதத்தில் பதினாறு நாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்கும் விருந்தினர்கள் முன்னால் ரங்கி வில்லையோடு நின்று, கோலில் கை வைத்து, "இன்னிக்கு தூரம்" என்று அறிவிப்பாள். அதற்குள் அந்தச் சொல்லின் கதை விளம்பரத் தாளிலேயே வந்துவிட்டது. எனவே விருந்தினர்களும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். சிலர் அதையே ஒரு பெரிய அனுபவமாக எழுதினார்கள்.

மாசி பிறந்து நான்காம் நாள் இளம்பரிதி ரங்கியைத் தேடி வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, ஒரு விஷயம். நேத்து சிவப்பு எரிஞ்சப்போ கூட்டம் பள்ளத்துலயே இல்ல. ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஆத்துல குளிச்சுட்டிருந்திருக்கு. அங்கிருந்தே தூரம்னு சொல்லியிருக்கு. போன வாரமும் மூணு நாள் இப்படித்தான்."

ரங்கி அவனை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா. அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தச் சொல்லச் சொன்னா மனுசங்க காரணம் கேக்காமத் திரும்பிப் போறாங்கன்னு. மேலாளர் ஏன்னு கேட்டுச் சொல்லச் சொல்றார்."

"கேளு. உன்கிட்டத்தான் பெட்டி இருக்கே."

"கேக்க முடியல. 'ஏன்'ங்கிற சொல்லே அதுல இல்ல. பத்து வருசப் பதிவையும் தேடிட்டேன். அந்த விளிம்புல நின்னு நீங்க யாரும் ஒரு தடவ கூட ஏன்னு கேட்டதில்ல."

ரங்கியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

மறுநாள் காலை எட்டுப் பெண்களும் கூடையோடு விளிம்புக்குப் போனார்கள். வருடம் முழுக்கக் காத்திருந்த வாரம். பள்ளத்தில் கிழங்குக்கொடிகள் காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தன, அதுதான் பக்குவம். ஓர் இலைகூட ஆடவில்லை. எதிர்ச்சரிவில் ஒரு கிளை முறிந்த அடையாளம் இல்லை. புதுச் சாணி இல்லை. ரங்கி கோலைக் குத்திக் கையை வைத்தாள்.

நீளமாக மூன்று நடுக்கம்.

அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு மாதி பள்ளத்தைப் பார்த்தாள். "ஏ ரங்கி, யாருமே இல்லடி. அவ எங்கியோ ஆத்துல கெடந்துக்கிட்டுச் சொல்றா. எறங்கிரலாமா?"

ரங்கி கையை எடுக்காமல் நின்றாள். பாறையில் படுத்துக் கிடந்த நாட்கள் எல்லாம் அவளுக்கு நினைவு வந்தன. அந்த ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவன் வெறுங்கூடையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறான். கோலைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக அவள்தான் திரும்பினாள். மாதி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற மருதன் வெறுங்கூடையைப் பார்த்தான். இப்போதெல்லாம் அவன் கேட்கப் பழகியிருந்தான்.

"கெழங்கு எங்க?"

"தூரம்."

"யாருக்கு?"

"பெரியம்மாவுக்கு."

"பள்ளத்துல இருந்தாளா?"

"இல்ல."

"இல்லாமயா தூரம்னா? ஏன்னு நீ கேக்கலையா?"

ரங்கி கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "தூரம்னு சொன்ன பொறவு எப்படிக் கேக்கிறது?" என்றாள்.